லவால் சாமியாரும் மாதாவின் இருதயமும்

திருச்சியிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "மொரீஷியஸில் லவால் என்றொரு பாதிரியார் கல்லறைக்குச் செப்டம்பரில் ஊரே திரண்டு போகுமாமே, நம் தமிழ் இந்துக்களும் போவார்களாமே, அவர் யார்? பெரிய மாதா பக்தர் என்கிறார்கள். மாதா அவருக்குக் காட்சி கொடுத்தாரா? தமிழர்களுக்கு அவர் என்ன செய்தார்?"

பின்னிரண்டு கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காட்சி எதுவும் இல்லை. வேளாங்கண்ணியில் பால்காரச் சிறுவனுக்கு நடந்ததாக நாம் கேட்டு வளர்ந்ததைப் போன்ற ஒரு கதை லவால் சாமியார் வாழ்க்கையில் கிடையாது. தமிழர்களுக்காக அவர் இந்தத் தீவுக்கு வரவும் இல்லை. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த மக்களுக்காக வந்தார். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள்.

அப்படியிருந்தும் என் மாமியார் 40 வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு செப்டம்பரும் அந்தக் கல்லறைக்குப் போய்வந்தவர். அவர் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். போர்ட் லூயிஸில் அபர்குரோம்பி பக்கம் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். அந்தக் கோயில் இருக்கும் இடமும் லவால் சாமியார் அடங்கியிருக்கும் சேன்ட் குருவாவும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து 26 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். லவால் சாமியாரை எனக்கு அறிமுகப்படுத்தியது எந்தப் பங்குக் கோயிலும் இல்லை, என் மாமியார்தான்.

ழாக் தெசிரே லவால் 1803 செப்டம்பர் 18 அன்று பிரான்ஸின் நார்மண்டியில் குரோத் என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியான விவசாயக் குடும்பம். ஏழு வயதில் தாய் இறந்துபோனார். பாரிஸில் மருத்துவம் படித்து 1830இல் டாக்டர் பட்டம் வாங்கி, சொந்த மாவட்டத்துக்கே திரும்பி வைத்தியம் பார்த்தார். நல்ல வருமானம், நல்ல குதிரை, ஊரில் மதிப்பு. அந்த வருடங்களில் கோயில் பக்கம் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பியதே பெரிய காரியமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆளே மாறினார். 1835இல் வைத்தியத்தை விட்டுவிட்டுப் பாரிஸின் சேன் சுல்பிஸ் குருமடத்தில் சேர்ந்தார். 1838 டிசம்பர் 2 அன்று குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 35 வயது.

சிறு வயதில் தாயை இழந்ததால் மாதாவைப் பற்றிக்கொண்டார் என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். அந்த இழப்போடு 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர் அப்போதெல்லாம் மாதா பக்கம் திரும்பவில்லை. அவருடைய மாதா பக்தி குருமடத்தில் கற்றுக்கொண்ட பக்தி, வேலை செய்து செய்து ஊறிய பக்தி. அதைப் புரிந்துகொள்ளாமல் லவால் சாமியாரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சேன் சுல்பிஸ் குருமடத்தை 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர் ஒலியே என்ற குரு. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு சிறு செபம் உண்டு. மரியாவில் வாழும் இயேசுவே, வந்து உமது அடியாரிடமும் வாழ்வீராக என்பது அதன் பொருள். கவனித்துப் பாருங்கள், செபம் மாதாவை நோக்கியதே அல்ல. மாதாவுக்குள் இயேசு எப்படி வாழ்ந்தாரோ அப்படி எனக்குள்ளும் வாழ வேண்டும் என்று கேட்பது. நம் ஊரில் மாதாவிடம் போய் 'இதைக் கொடு, அதைத் தீர்த்து வை' என்று கேட்டுப் பழகிய எனக்கு இது முதலில் விளங்கவில்லை. கேட்பதில் தவறில்லை, பிள்ளை தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் லவால் பயின்ற பள்ளியில் மாதா பக்தி என்றால் மாதாவைப் போல ஆவது என்று அர்த்தம்.

அதே நார்மண்டியில் 1601இல் பிறந்த புனித யோவான் யூட்ஸ் என்பவர் மரியாவின் இருதயத்துக்கென்று ஒரு திருவிழாவையே ஏற்படுத்தியவர். 1648இல் ஒத்தூன் நகரில் அது முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. இருதயம் என்றால் நம் நினைவுக்கு வருவது கண்ணீர், பாசம், உருக்கம். விவிலியம் அந்தச் சொல்லை ஆழமாகப் பயன்படுத்துகிறது. லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், இடையர்கள் வந்துபோன பிறகும், 12 வயது இயேசுவைக் கோயிலில் கண்டுபிடித்த பிறகும், மரியா அதையெல்லாம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார் என்று இரண்டு முறை வருகிறது. முடிவெடுக்கும் இடம், நினைவு தங்கும் இடம், கடவுள் சொல்வதைக் கேட்டு 'ஆகட்டும்' என்று சொல்லும் இடம், அதுதான் அங்கே இருதயம். தமிழில் 'உள்ளம்' என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் பங்கில் எல்லோரும் சொல்வது இருதயம்தான், நானும் அப்படியே சொல்கிறேன்.

சேன் சுல்பிஸில் லவாலுக்குக் கிடைத்த பெரிய உறவு பிரான்சுவா லிபர்மான். அவர் அல்சாஸ் பகுதியில் ஒரு யூத ரபியின் மகனாக 1802இல் பிறந்து, 1826 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஞானஸ்நானம் பெற்றவர். வலிப்பு நோய் இருந்ததால் குருப்பட்டம் பல வருடங்கள் தள்ளிப்போனது. இடையில், யோவான் யூட்ஸ் தொடங்கிய சபையில் புதிதாகச் சேர்ந்த நவதுறவிகளுக்குப் பயிற்சி கொடுக்க ரென் நகருக்குப் போனார். மரியாவின் இருதயத்தைப் பற்றிய சிந்தனை அங்கே அவருக்குள் இன்னும் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். குருமடத்தில் அவரைச் சுற்றி இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் லெ வவாசேர், பக்கத்துத் தீவான ரீயூனியனில் பிறந்தவர். அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். இன்னொருவர் திசெரான், ஹெய்த்தியோடு குடும்பத் தொடர்புள்ளவர். மூவரும் சேர்ந்து, அடிமைத்தளையில் இருக்கும் கறுப்பின மக்களுக்கென்றே ஒரு சபை தொடங்க நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் பாரிஸில் வெற்றி மாதா கோயில் ஒன்று புத்துயிர் பெற்றிருந்தது. ஆளே வராத அந்தப் பங்கை அதன் பங்குச் சாமியார் 1836இல் மரியாவின் மாசற்ற இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த பிறகு கூட்டம் நிரம்பி வழியத் தொடங்கியது. இந்த இளைஞர்கள் தங்கள் திட்டத்தை அந்தக் கோயிலின் செபத்தில்தான் ஒப்படைத்தார்கள். சபைக்கு வைத்த பெயரும் மரியாவின் தூய இருதய சபை. லிபர்மான் எழுதிய விதிமுறைகளில் மரியாவின் இருதயம் திருத்தூதுப் பணியின் மாதிரியாக வருகிறது. அந்த இருதயத்தில் இயேசுமேல் இருந்த அன்பே மக்கள்மேல் கொண்ட அக்கறையாக வெளிப்பட்டது, மறைப்பணியாளன் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். 1848இல் இந்தச் சபை தூய ஆவி சபையோடு இணைந்தது. இணைந்த சபையின் முழுப் பெயரில் இன்றைக்கும் மரியாவின் மாசற்ற இருதயம் இருக்கிறது.

லவால் அப்போது பேன்தெர்வில் என்ற சிற்றூரில் பங்குச் சாமியார். 1839 முதல் 1841 வரை அங்கே இருந்தார். நண்பர்களின் திட்டம் கேள்விப்பட்டதும் தன் சொத்தைச் சபைக்குக் கொடுத்து, தன்னையும் கொடுத்தார். மொரீஷியஸுக்கு ஆயராக நியமிக்கப்பட்ட ஆங்கிலேயர் கோலியர் கப்பலேறும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனார். தீவு 1810 முதல் பிரிட்டிஷார் கையில் இருந்தது, பிரெஞ்சுக் குரு நுழைவதே சிரமம். லவால் தீவில் கால் வைத்தது 1841 செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா நாள். அதற்கு நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்றுதான் லிபர்மானுக்கே குருப்பட்டம் கிடைத்தது. சபையின் முதல் வீடு செப்டம்பர் 27இல் திறந்தது. சபைக்கு வீடு அமைவதற்கு முன்பே, தலைவர் குருவாவதற்கு முன்பே, அதன் முதல் மறைப்பணியாளர் இந்துமாக்கடல் நடுவே வேலையைத் தொடங்கிவிட்டார். நவதுறவுப் பயிற்சி என்று ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை. மரியாவின் இருதயம் என்ற அந்த ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

வந்து பார்த்த தீவு எப்படி இருந்தது? 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. சட்டம் விடுவித்தவர்கள் 60,000க்கும் மேல். எஜமானர்களுக்கு பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. பயிற்சிக்காலம் என்ற பெயரில் 1839 வரை அதே எஜமானர்களிடம் வேலை செய்ய வைத்தார்கள். அது முடிந்ததும் கரும்புத் தோட்டங்களை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறி, போர்ட் லூயிஸின் ஓரங்களிலும் கடற்கரையிலும் குடிசை போட்டார்கள். தாய் ஒரு நாட்டில், பிள்ளை ஒரு தீவில் என்று சிதறடிக்கப்பட்ட மக்கள் அவர்கள். பெயர்கூடப் பலருக்கு எஜமானன் வைத்ததுதான்.

இந்த மக்களிடம் 'உங்களுக்கு ஒரு தாய் இருக்கிறாள்' என்று ஒருவர் வந்து சொன்னால் அது எப்படிக் கேட்டிருக்கும்? இதை என்னால் வெறும் வேதபாடமாகப் படிக்க முடியவில்லை. சிலுவையடியில் இயேசு தன் சீடரிடம் 'இதோ உன் தாய்' என்று ஒப்படைத்ததை நாம் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் கேட்கிறோம். தாயின் முகமே நினைவில்லாதவர்கள் நடுவே அந்த வரி ஒலித்திருக்கும் விதம் வேறு.

லவால் முதலில் செய்த காரியம் அந்த மக்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் அதை ஒரு மொழியாகவே மதிக்காத காலம். அந்த மொழியில் எளிமையான ஞானோபதேசம் ஒன்றை உருவாக்கினார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இரவில் பாடம் நடத்தினார். கதீட்ரல் பக்கத்தில் சின்ன மரக்குடிலில் தங்கினார்; சாமான் வந்த மரப்பெட்டிதான் படுக்கை என்று இன்றும் சொல்வார்கள். அவர் செய்ததும் சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. வெள்ளையர் சிலர் அவரைக் கறுப்பர்களின் மிருகம் என்கிற மாதிரி ஏசினார்கள், கோயிலுக்குள்ளேயே கலாட்டா செய்தார்கள், காவலுக்குப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அவர் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை; அடுத்த நாள் இரவும் பாடம் நடந்தது.

செபமாலையை அவர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த விதத்தில்தான் அவருடைய மாதா பக்தியை நான் பார்க்கிறேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குச் செபமாலைதான் புத்தகம். மணி உருட்டும்போது தியானிக்கும் நிகழ்ச்சிகளை மறையுண்மைகள் என்போம்; அந்தக் காலத்தில் அவை 15 (ஒளியின் மறையுண்மைகள் ஐந்தும் 2002இல் சேர்ந்தவை). 15 பத்து மணி என்றால் 150 மங்கள வார்த்தை செபம். மடங்களில் துறவிகள் ஓதும் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக ஏழைகள் கையில் இருந்த மணிகள். மகிழ்ச்சியில் தொடங்கி, துயரத்தில் இறங்கி, மகிமையில் ஏறும் அந்த வரிசையில் இயேசுவின் வாழ்க்கை முழுக்க அடங்கிவிடுகிறது. கையிலிருந்து யாரும் பிடுங்க முடியாத நற்செய்தி. சாமியார் இல்லாத குடிசையிலும், கரும்புக் காட்டிலும், படகிலும் அதைச் சொல்லலாம்.

என் ஆயா பழைய தமிழில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று சொல்லித்தான் மணி உருட்டுவார். பிரியதத்தம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அது மாதாவுக்குத் தெரியும், நீ சொல்லு" என்றார். ஆயாவின் விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லவால் அந்த வழியில் போகவில்லை. சொல்லுகிறவருக்குப் புரிய வேண்டும், அவர் மொழியில் புரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்கவும் இல்லை. மாதக்கணக்காகப் பாடம் கேட்டு, வாழ்க்கை மாறிய பிறகுதான் திருமுழுக்கு, புதுநன்மை எல்லாம்.

ஒரே ஆள் இதையெல்லாம் எப்படிச் செய்திருக்க முடியும்? செய்யவில்லை. விடுதலையான மக்களிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களாக்கினார். நம் ஊர்ப் பழைய பங்குகளில் உபதேசியார் என்றாலே வேட்டி சட்டையில் ஒரு ஆண்தான் கண்முன் நிற்பார். இங்கே 1840களில், நேற்றுவரை இன்னொருவரின் உடைமையாக இருந்த பெண்கள் தங்கள் தெருவுக்கு உபதேசியார்களாக இருந்தார்கள். அவர்களே நோயாளிகளைப் பார்த்தார்கள், சண்டை தீர்த்தார்கள், சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைத் திருமணத்துக்குத் தயார்செய்தார்கள். ஏழைகளுக்கென்று பொது நிதி ஒன்று ஏற்பட்டது. அதில் போட்ட காசும் ஏழைகளுடையதே. தீவெங்கும் சிறுசிறு செபக்கூடங்கள் எழுந்தன. பணம் கொடுத்தது, கல் சுமந்தது எல்லாம் விடுதலையான மக்களேதான்.

மரியா பாடிய புகழ்ப்பாடலை நினைத்துக்கொள்ளுங்கள். வலியவரை இறக்கி எளியவரை ஏற்றுகிற கடவுளைப் பற்றி ஒரு நாசரேத்துப் பெண் பாடியது. லவால் கிளர்ச்சிக்காரர் அல்ல, காலனி அரசை எதிர்த்து அவர் எழுதவோ பேசவோ இல்லை என்று இன்றைக்குக் குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அவர் தன் காலத்து மனிதர், அவர் காலத்துத் திருச்சபையும் ஆட்சியோடு ஒட்டி நடந்தது. ஆனால் எழுத்தறியாத ஒரு கறுப்பினப் பெண்ணைத் தெருவுக்கே ஆசிரியையாக்கியவர், அந்தப் பாடலின் பொருளைக் கையால் செய்து காட்டினார் என்றே நான் சொல்வேன்.

1854இல் காலரா வந்தது. போர்ட் லூயிஸில் வண்டி வண்டியாகப் பிணம் போன காலம். பழைய டாக்டர் தன் வித்தையைத் திரும்பக் கையில் எடுத்தார். அவரும் உபதேசியார்களும் குடிசை குடிசையாகப் போனார்கள். சில வருடங்களில் அவருக்கு மூளைத் தாக்கு வந்தது, மறுபடியும் வந்தது. இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் இப்போது எழுந்து நடக்கவே பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. கடைசி வருடங்களை அவர் பெரும்பாலும் செபத்தில் கழித்தார். என் மனதில் அவருடைய மாதா பக்தி முழுமை அடைந்தது அப்போதுதான். ஓடியாடிச் செய்த வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா இருந்து, உள்ளத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருப்பது எத்தனை கடினம் என்று நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

1864 செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை இறந்தார். முந்தைய நாள், செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். அடக்கத்துக்கு 40,000 பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். சேன்ட் குருவா கோயில் அருகே அடக்கம் செய்தார்கள். சேன்ட் குருவா என்றால் திருச்சிலுவை. திருச்சிலுவை விழாவன்று வந்தவர் திருச்சிலுவைக் கோயில் நிழலில் அடங்கினார். 1979 ஏப்ரல் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தினார். அந்தத் திருத்தந்தை நடத்திய முதல் அருளாளர் பட்ட விழா அது. இன்னும் புனிதராக அறிவிக்கப்படவில்லை. 'புனித லவால்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. இங்கே யாரும் எந்தப் பட்டமும் போட்டுச் சொல்வதில்லை, பேர் லவால், அவ்வளவுதான். பேர் என்றால் பிரெஞ்சில் தந்தை.

செப்டம்பர் 8 என்றதும் உங்களுக்கு வேளாங்கண்ணி நினைவு வந்திருக்கும். எனக்கு வருடந்தோறும் அதே குழப்பம்தான். நாகப்பட்டினம் சாலையில் காவி உடுத்து நடந்துவந்தவர்கள் மாதாவின் பிறந்தநாளன்று கூடியிருக்கும் அதே இரவு, இங்கே கியூர்பிப் பக்கமிருந்தும் ரோஸ் ஹில் பக்கமிருந்தும் ஆட்கள் சேன்ட் குருவாவுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் செப்டம்பர் 9 அன்றே இங்கு வந்தார். போர்ட் லூயிஸைப் பார்த்தபடி மலைச்சரிவில் 1940இல் எழுந்த அமைதியின் அரசி மரியா நினைவிடத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, லவால் கல்லறைக்குப் போய்ச் செபித்தார். மாதாவிடமிருந்து லவாலிடம் என்ற அந்த வழி இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

இனி, தமிழர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வரத் தொடங்கியது 1834 நவம்பர் 2, அட்லஸ் கப்பலில் 36 பேர். அதன்பின் 1920கள் வரை வந்தவர்கள் 4,50,000க்கும் மேல். பெரும்பாலோர் வட இந்தியர்கள்; சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். விடுதலையானவர்கள் விட்டுப்போன அதே தோட்டங்களில், அதே வரிசைக் குடிசைகளில் நம்மவர்கள் குடியேறினார்கள். பேர் லவால் செய்த காரியங்கள் அக்கம்பக்கத்துக் கதையாக அவர்கள் காதுக்கு வந்திருக்கும். டாக்டராக இருந்தவர், ஏழைகளைத் தொட்டவர் என்ற பெயர் மதம் பார்த்துப் பரவுகிற பெயர் அல்ல.

இன்னொன்றும் உண்டு. கல்லறைக்குப் போய் விளக்கேற்றுவது நமக்குப் பழக்கப்பட்ட வழிபாடு. சித்தர் சமாதிக்குப் போகிறோம், நாகூர் தர்காவுக்குப் போகிறோம். நல்லவர் அடங்கிய இடத்தில் அருள் தங்கும் என்பது கப்பலில் வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த நம்பிக்கை. ரீயூனியனிலும் இப்படித்தான், அங்கே கறுப்பு மாதா கோயிலுக்குத் தமிழ் இந்துக்கள் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

என் மாமியாருக்கு மாதாவும் அம்மன்தான். கத்தோலிக்கராக நான் அப்படிச் சொல்ல முடியாது. மரியா கடவுள் அல்ல, கடவுளின் தாய், நம்மைப் போல மீட்கப்பட்டவர். லவால் சாமியாரும் இதில் ஒரு நூலளவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். இதை ஒருமுறை மாமியாரிடம் விளக்கப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது உன் கணக்கு. பிள்ளைக்காகச் சிலுவைக்குக் கீழ நின்னா இல்ல, எனக்கு அது போதும்" என்றார். முதல் பிள்ளையை மூன்று வயதில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு நான் விளக்கவில்லை.

போன வருடம் அவரால் நடக்க முடியவில்லை. 80 தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் வீக்கம். செப்டம்பர் 8 சாயங்காலம் கொல்லையில் பூத்த மல்லிகையைத் தானே கட்டி, ஈரத்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து அனுப்பினார். கல்லறைமேல் பேர் லவால் படுத்திருப்பதைப் போன்ற வண்ணச் சுரூபம் ஒன்று உண்டு. தொட்டுத் தொட்டு அங்கங்கே வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். வரிசை நகர்ந்து அந்த இடத்துக்கு நான் போனபோது மணி பத்தரை இருக்கும். பக்கத்தில் செபமாலையோடு ஒரு கிரியோல் பாட்டி. ஒவ்வொரு வருடமும் அதே தூணோரம் உட்கார்ந்திருப்பார், எங்களுக்கு முகப்பழக்கம் மட்டும்தான், பெயர்கூடத் தெரியாது. என்னைத் தனியாகப் பார்த்ததும், "தோ மாமா பா ஃபின் வினி?" என்றார். உன் அம்மா வரவில்லையா என்று கேட்கிறார். முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் எழுந்து, மல்லிகையை என் கையிலிருந்து வாங்கிச் சுரூபத்தின் காலடியில் வைத்தார். தன் கைக்குட்டையை எடுத்துச் சுரூபத்தின் முழங்காலில் மெதுவாகத் துடைத்து, நான்காக மடித்து என் கையில் வைத்து மூடினார். மறுபடி தூணோரம் போய் உட்கார்ந்து, நிறுத்திய மணியிலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.

நான் வீட்டுக்கு வரும்போது மாமியார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கைக்குட்டையை விரித்து ஒரு முழங்காலில் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்து அடுத்த முழங்காலில் போட்டுக்கொண்டு, "அவ பேரு என்னன்னு அடுத்த தடவையாவது கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.